கேபின் ஜன்னல்: உண்மைக் கதைப் படங்கள், ஆபரேட்டர் பதில்கள்

தியேட்டர் கேபினில் 31 வருடம் ஆபரேட்டராக இருந்தவன் நான். தியேட்டரை மூடிய பிறகு, 11 வருடமாக ஒரு சமூகக் கூடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை சாரிட்டி ஷோ போடுகிறோம். டிக்கெட் கிடையாது. வாசலில் ஓர் உண்டியல் இருக்கும், மனமிருப்பவர்கள் போடுவார்கள். படம் தேர்ந்தெடுப்பது, புரொஜெக்டர் ஓட்டுவது, கடைசியில் நாற்காலி மடக்குவது எல்லாம் நாங்கள் ஒன்பது பேர்தான். போடுகிறதில் பாதிக்கு மேல் நிஜ மனிதர்களின் கதைகள், பார்த்துவிட்டு கொஞ்சம் நிமிர்ந்து நடந்து போகிற மாதிரியான படங்கள். அதைப் பற்றி இந்தப் பகுதியில் இரண்டு வரி எழுதப்போக, கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. கைக்குக் கிடைத்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பார்வையற்றவர்களுக்கு ஒலிப்புத்தகம் தயாரிக்க நிதி வேண்டி, நூலகக் கூடத்தில் மாதம் ஒரு படம் போடலாம் என்றிருக்கிறோம். முதல் படம் எது? பெரிய வெற்றியோடு முடிகிற விளையாட்டுப் படமாக இருக்கட்டும் என்கிறார்கள் எல்லோரும்.

பதில்: டீச்சர், வெற்றிப் படத்தை இரண்டாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’ போடுங்கள். 1999ல் வந்தது.

அமெரிக்காவில் ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்று 73 வயதுக்காரர் ஒருவர். கண் மங்கிவிட்டதால் கார் ஓட்ட லைசென்ஸ் இல்லை. அண்ணனுக்குப் பக்கவாதம் என்று தகவல் வருகிறது. புல் வெட்டுகிற வண்டி ஒன்றில் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு, அயோவாவிலிருந்து விஸ்கான்சின்வரை 240 மைல், மணிக்கு 5 மைல் வேகத்தில் போய்ச் சேர்ந்தார். ஆறு வாரம் ஆயிற்று. 1994ல் நிஜமாக நடந்தது. மனத்தைக் குழப்புகிற இருட்டுப் படங்களுக்குப் பேர்போன டேவிட் லிஞ்ச், அந்தக் கிழவர் போன அதே பாதையிலேயே போய் இதை எடுத்தார். நடித்த ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு அப்போது புற்றுநோய். நடக்கச் சிரமப்படுவதெல்லாம் நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்கர் போட்டிக்கு அவர் பெயர் போனபோது வயது 79.

இதில் வில்லன் இல்லை, யாரும் யாரையும் ஜெயிப்பதில்லை, 112 நிமிடம்தான். அதைவிட முக்கியமாக, நிறைய இடத்தில் படம் அமைதியாக இருக்கும். அந்த அமைதியில்தான் உங்கள் கூடத்தின் குறைகளெல்லாம் தெரியவரும்: எந்த மின்விசிறி கிறீச்சிடுகிறது, எந்தக் கதவு தானாக மூடிக்கொள்கிறது, எந்த நாற்காலி முனகுகிறது என்று. பின்னணி இசை முழங்குகிற படத்தை முதலில் போட்டால் இது ஒன்றும் காதில் விழாது.

நாங்கள் போட்ட அன்று யாரும் கைதட்டவில்லை. படம் பிடிக்கவில்லையோ என்று பயந்தேன். வெளியே வந்து பார்த்தால், வாசலில் பெரியவர்கள் இரண்டு பேர், அந்த வண்டி 240 மைலுக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் குடித்திருக்கும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தைப் பூட்டுகிறவரை அந்தச் சண்டை தீரவில்லை.

கேள்வி: அண்ணா, நான் ஒரு சாரிட்டி ஷோ குழுவில் தன்னார்வலர். ‘ஹிட்டன் ஃபிகர்ஸ்’ போட்டோம். நடுப்படத்தில் ஒரு பையன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, “இது நடக்கவே இல்லை” என்று சத்தமாகச் சொல்லிவிட்டான். கூடமே வாடிப்போயிற்று. ‘உண்மைக் கதை’ என்று போர்டு வைத்தோமே, அது பொய்யா?

பதில்: போர்டில் பொய் இல்லை தம்பி. போர்டோடு நிறுத்திவிட்டீர்கள், அதுதான் வினை.

அந்தப் பையன் எந்த இடத்தில் போனை எடுத்தான் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. நாசாவில் கணக்குப் போடும் கேத்தரின் ஜான்சன், கறுப்பினப் பெண்களுக்கென்று ஒதுக்கிய கழிப்பறைக்கு அரை மைல் ஓடுவார். விஷயம் தெரிந்ததும் மேலதிகாரி போய் அந்தப் பலகையை அடித்து உடைப்பார். கூடம் கைதட்டுகிற இடம். நிஜத்தில் அப்படி ஒரு மேலதிகாரி கிடையாது. பல அதிகாரிகளைக் கலந்து செய்த பாத்திரம் அது. பலகையை யாரும் உடைக்கவில்லை. கழிப்பறைக்காக அலைந்து அவமானப்பட்டவர், அங்கேயே வேலை பார்த்த மேரி ஜாக்சன். கேத்தரினோ, பலகை மாட்டாத கழிப்பறைக்குத் தன்பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார், அதுவும் வருடக்கணக்கில்.

கடைசிக் கட்டமும் இப்படித்தான். ஜான் கிளென் ராக்கெட் ஏறக் காத்திருக்க, கேத்தரின் வேர்க்க விறுவிறுக்கக் கணக்கைச் சரிபார்ப்பார். உண்மையில் கிளென் அதைக் கேட்டது பறப்பதற்குப் பல நாள் முன்பு. ஆனால் கேட்டது நிஜம். கம்ப்யூட்டர் கொடுத்த எண்களை அந்தப் பெண் போட்டுப் பார்த்துச் சரி என்று சொன்னால் போகத் தயார் என்றார். 1962 பிப்ரவரி 20 அன்று பூமியை மூன்று தடவை சுற்றிவிட்டு வந்தார்.

என்னைக் கேட்டால், யாரோ ஓர் அதிகாரி பெருந்தன்மையோடு பலகையை உடைப்பதைவிட, கேத்தரின் பலகையைச் சட்டை செய்யாமல் போய் வந்ததுதான் பெரிய விஷயம். சினிமாவுக்கு அது ஆகாது. சும்மா ஒருவர் கதவைத் திறந்து போவதை எப்படிக் காட்டுவது? ‘தங்கல்’ எடுத்துக்கொள்ளுங்கள். 2010 டெல்லி காமன்வெல்த் மல்யுத்தப் போட்டியின் இறுதிச் சுற்று கடைசி விநாடிவரை இழுபறியாகப் போகும், அப்பாவை வேறு ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பூட்டியது கற்பனை. கீதா போகட் அந்த இறுதிப் போட்டியை எளிதாகவே ஜெயித்தார். எளிதாக ஜெயித்தால் நமக்கு நாற்காலி நுனிக்கு வர வேலை இல்லையே.

இதற்கு நாங்கள் வைத்திருக்கிற வழி, ‘நிஜத்தில்’ என்று தலைப்புப் போட்ட அரைப் பக்கத் தாள். எதைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள், அப்புறம் என்ன ஆயிற்று என்று நாலைந்து வரி. படம் முடிந்ததும் நான் எழுந்து படிப்பேன். இரண்டு நிமிடம். முதல் தடவை புத்தி கெட்டுப்போய்ப் படத்துக்கு முன்னாலேயே படித்துவிட்டேன். பலகை உடைகிற கட்டம் வந்தபோது ஒருத்தரும் கைதட்டவில்லை. பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள், நானே உடைத்த மாதிரி. அதிலிருந்து படம் முடிந்த பிறகுதான்.

ரொம்பவும் நுணுக்கிப் பார்க்க வேண்டாம் என்பதையும் ஒரு பாட்டியிடம் கற்றுக்கொண்டேன். ‘அப்பல்லோ 13’ முடிந்ததும், “படத்தில் ‘ஹூஸ்டன், எங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது’ என்கிறார்களே, 1970ல் விண்வெளி வீரர்கள் சொன்னது ‘சிக்கல் ஏற்பட்டது’ என்றுதான். ‘தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லை’ என்ற வசனமும் திரைக்கதை எழுதியவர்களுடையது” என்று படித்தேன். பாட்டி எழுந்தார். “மூணு பேர் உயிரோடு திரும்பி வந்தாங்களா இல்லையா?” என்றார். வந்தார்கள் என்றேன். “அப்புறம் என்ன?” என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வசன வித்தியாசங்களைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன்.

கேள்வி: இலவசமாகத்தானே காட்டுகிறோம்? வீட்டுச் சந்தாவில் வருகிற படத்தைப் புரொஜெக்டரில் போட்டால் என்ன?

பதில்: வேண்டாம். வீட்டுச் சந்தாவும் வீட்டுக்கென்று வாங்கிய டிஸ்க்கும் வீட்டில் பார்க்க மட்டும்தான். ஊர் கூடிப் பார்ப்பதென்றால் பொதுவாக உரிமை வைத்திருப்பவரிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். பணம் வாங்குகிறீர்களா, நல்ல காரியத்துக்கா என்பதெல்லாம் அதை மாற்றாது. நாட்டுக்கு நாடு விதிவிலக்கு உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதிக் கட்டணம் எவ்வளவு, உண்டியலில் மிச்சம் எவ்வளவு என்பதைப் படம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தவிர, பழைய புரொஜெக்டரில் சந்தாப் படத்தை ஓடவிட்டால் நகல் தடுப்பு வேலை செய்து, சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பாக நிற்கும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: ‘உண்மைக் கதை’, ‘உண்மைச் சம்பவங்களைத் தழுவியது’, ‘உண்மைச் சம்பவத்தின் உந்துதலில்’ என்று விதவிதமாகப் போடுகிறார்களே, என்ன வித்தியாசம்?

பதில்: கடைக்கோடிக்குப் போகப் போகக் கற்பனை கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றபடி அளவு பார்த்து முத்திரை குத்துகிற ஆள் யாரும் கிடையாது.

‘சூரரைப் போற்று’ நம் எல்லோருக்கும் தெரியும். மூலத்தில் இருப்பவர், தன் கதையைப் புத்தகமாக எழுதிய கேப்டன் ஜி.ஆர். கோபிநாத். கர்நாடகத்துக்காரர், தரைப்படையில் இருந்தவர். படத்தின் நாயகன் மதுரைப் பக்கத்து ஆள், விமானப்படைக்காரர். கோபிநாத்தே படத்தைப் பார்த்துவிட்டு, கற்பனை ரொம்ப அதிகம், ஆனாலும் என் புத்தகத்தின் சாரம் அப்படியே இருக்கிறது என்கிற மாதிரி எழுதினார். அந்தப் பெருந்தன்மை எல்லோருக்கும் வராது.

இன்னொரு கோடியில் 1996ல் வந்த ‘ஃபார்கோ’. எடுத்த எடுப்பில் “இது உண்மைக் கதை” என்று போடுவார்கள். கதை கற்பனை. கடைசியில் ஓடுகிற பொடி எழுத்தில், பாத்திரங்கள் யாவும் கற்பனையே என்று அவர்களே போட்டிருப்பார்கள். இரண்டையும் படிக்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது!

அந்தப் பொடி எழுத்துக்கு ஒரு கதை உண்டு. 1932ல் எம்.ஜி.எம். நிறுவனம், ரஷ்ய அரச குடும்பத்தை ஆட்டிவைத்த சாமியார் ரஸ்புதினைப் பற்றி ஒரு படம் எடுத்தது. கதையில் வருகிற சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று பெருமையாகத் தொடக்கத்திலேயே எழுதிப் போட்டார்கள். உயிரோடு இருந்தவர்களில் ஒருவரான இளவரசி இரினா யூசுபோவ், படத்தில் வருகிற ஒரு பெண் பாத்திரம் தன்னைத்தான் குறிக்கிறது, தன் மானம் போயிற்று என்று லண்டனில் வழக்குப் போட்டார். 1934ல் ஜெயித்தார். நஷ்ட ஈடு 25,000 பவுண்டு. “யாரையும் குறிப்பிடுவன அல்ல” என்ற வரி படங்களில் ஒட்டிக்கொண்டது அதற்கப்புறம்தான். உண்மை என்று பீற்றிக்கொண்டதற்கு விழுந்த அடி அது.

கேள்வி: எங்கள் கூடத்தில் வசனமே புரிவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் காது அடைக்கிறது, வசனம் அப்போதும் புரிவதில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் 70 தாண்டியவர்கள்.

பதில்: வாருங்கள், இது என் பேட்டை.

முதலில் பிளேயரின் செட்டிங்கைப் பாருங்கள். இப்போதைய படங்களில் ஒலி 5.1 என்று ஆறு தடமாக வரும். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான தடத்தில்தான் இருக்கும். உங்களிடம் இருப்பது இடது, வலது என்று இரண்டே ஸ்பீக்கர். பிளேயர் ஆறு தடத்தையும் அனுப்பிக்கொண்டிருந்தால், நடுத் தடம் போய்ச்சேர இடமில்லாமல் தொலைந்துபோகும். இசையும் மழையும் குண்டு வெடிப்பும் ஜோராகக் கேட்கும், பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். உங்களைப் போல எழுதுகிறவர்களில் பத்தில் ஏழு பேருக்கு வியாதி இதோடு தீர்ந்துவிடும். இந்தப் பத்தில் ஏழு என் வாய்க்கணக்குதான், எங்கும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் பேஸ், அதாவது அடித்தொனி. வயதானால் முதலில் கேட்காமல் போவது கீச்சுத் தொனி. ‘ச’, ‘த’, ‘ப’ மாதிரியான எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அந்தத் தொனிதான். பேஸைக் கூட்டினால் கூடத்தின் வெற்றுச் சுவரில் அது மோதி உருண்டு, இருக்கிற தெளிவையும் மூடிவிடும். பேஸைக் குறையுங்கள். சுவரை ஒட்டிக் கனமான திரைச்சீலை தொங்கவிடுங்கள். ஒத்திகையின்போது கூடம் காலி, எல்லாம் எதிரொலிக்கும். ஆள் நிரம்பினால் உடம்புகளும் துணிகளும் ஒலியைக் குடித்துவிடும். அதனால் காலிக் கூடத்தில் வைத்த அளவை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், படம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் ஒருவர் கடைசி வரிசையில் போய் நின்று கேட்டுச் சொல்லட்டும்.

மொழி தெரிந்த படமாக இருந்தாலும் சப்டைட்டில் போடுங்கள். வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். உண்மையில் முதலில் நன்றி சொன்னது காது நன்றாகக் கேட்கிற ஒரு பெண்தான், மடியில் குழந்தை வைத்திருந்தார். ஆனால் எழுத்து வருவது திரையின் அடிப்பகுதியில். தரை சமமாக இருக்கிற கூடத்தில் முன்னால் இருப்பவர் தலை முதலில் மறைப்பதும் அதைத்தான். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலரை அடியாவது மேலே இருக்கட்டும். காது மெஷினுக்கான லூப் கம்பி கூடத்தில் பதித்திருந்தால் அதை இயக்குங்கள், இயக்கியிருக்கிறது என்று மைக்கில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மெஷினை ‘டி’ நிலைக்கு மாற்ற வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு வருடம் நான் சொல்லவில்லை.

கேள்வி: என் கணவர் ரத்தப் புற்றுநோயில் போய் எட்டு மாதம் ஆகிறது. அந்த நோய் ஆராய்ச்சிக்காக எங்கள் குழு ‘காலண்டர் கேர்ள்ஸ்’ போடப்போகிறது. கலகலப்பான படம், நீங்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும், இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்கிறார்கள். மறுத்தால் தப்பாக நினைப்பார்களா?

பதில்: நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் அம்மா.

படத்தில் என்ன வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். கலகலப்பு நிஜம்தான். ஆனால் அதற்கு முன்னால், தொடக்கப் பகுதியிலேயே, கணவர் நோயில் விழுந்து இறந்துபோகிறார். நிஜக் கதையும் அதுதான். இங்கிலாந்தின் யார்க்ஷரில் ரில்ஸ்டன் என்ற ஊரின் மகளிர் சங்கம். உறுப்பினர் ஒருவரின் கணவர் 1998ல் நிணநீர்ப் புற்றுநோயில் இறந்தார். மறுவருடம் 11 பெண்கள், நடு வயதைத் தாண்டியவர்கள், பூவையும் பாத்திரத்தையும் மறைப்பாக வைத்துக்கொண்டு ஆடையில்லாமல் ஒரு காலண்டருக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக அது தொடங்கிவைத்த நிதி 50 லட்சம் பவுண்டைத் தாண்டியது.

போகலாம் என்று தோன்றினால் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து ஓர நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள். தொடக்கப் பகுதி முடிந்த பிறகுகூட உள்ளே போகலாம், யாரிடமாவது சொல்லிவைத்தால் வந்து கூப்பிடுவார்கள். பேச வேண்டாம். அடுத்த வருடம் தோன்றினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

குழுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கூடத்திலும் இப்படி ஒரு பிசகு நடந்தது. ‘லயன்’ போட்டோம். ஐந்து வயதில் ரயிலில் தவறிப்போய், ஆஸ்திரேலியாவில் தத்துப்பிள்ளையாக வளர்ந்த சரூ பிரையர்லி, கூகுள் எர்த்தில் ஊரைத் தேடிப் பிடித்து, 25 வருடம் கழித்துத் தன் தாயைப் பார்த்த கதை. நான் ‘அம்மாவைத் தேடி ஒரு பயணம்’ என்று உற்சாகமாகப் போர்டு எழுதி வைத்திருந்தேன். நடுவில் ஒருவர் எழுந்து போனார், திரும்பவில்லை. அவரும் தத்து வந்தவர், தேடியவர், கிடைக்காதவர் என்று பிறகு தெரிந்தது. போர்டில் இப்போது படத்தின் பெயருக்குக் கீழே, என்னென்ன வருகிறது என்று மூன்று வரி இருக்கும். மரணம், பிரிவு, நோய், எது இருந்தாலும். சுவாரசியம் போய்விடும் என்று யாரும் இதுவரை குறைப்படவில்லை.

கேள்வி: உங்கள் படங்கள் எல்லாம் ஒன்றைத்தான் சொல்கின்றன: உழைத்தால் ஜெயிக்கலாம். 26 வருடம் உழைத்தேன். ஜெயிக்கவில்லை. படம் முடிந்து வெளியே வரும்போது, தப்பு என்மேல்தான் என்று தோன்றுகிறது. இதுதான் உங்கள் நற்பணியா?

பதில்: இந்தக் கடிதத்தை நான்கு நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி.

உங்கள் பக்கம் சாட்சி சொல்ல ஒரு படம் இருக்கிறது. ‘தி பர்சூட் ஆஃப் ஹேப்பினஸ்’. வீடில்லாமல் மகனோடு அலைந்து பங்குத் தரகரான கிறிஸ் கார்ட்னரின் கதை. படத்தில் அவர் பயிற்சி பெற்றது சம்பளமே இல்லாமல். நிஜத்தில் மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். அது போதாது என்பது வேறு. ஆனால் அந்தச் சிறு தொகையைக்கூடத் திரைக்கதையில் எடுத்துவிட்டார்கள் பாருங்கள். தனியாளாகவே ஜெயித்தான் என்று காட்ட, கிடைத்த கைகளை வெட்டுகிறார்கள். அதைப் பார்க்கிற நீங்கள், எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று கேட்டுக்கொள்கிறீர்கள்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். ‘தி பிளைண்ட் சைட்’ என்று ஒரு படம், 2009. வசதியான குடும்பம் ஓர் ஏழைக் கறுப்பினப் பையனுக்கு இடம் கொடுத்து, அவன் அமெரிக்க ஃபுட்பாலில் பெரிய வீரனாவது. நாங்கள் போட்டபோது உண்டியல் நிறைந்தது. அந்தப் பையன் மைக்கேல் ஓயர், தனக்கு ஆட்டமே புரியாதது போலக் காட்டிவிட்டார்கள், நான் சின்ன வயதிலிருந்து ஆடியவன் என்று பிறகு எழுதினார். 2023ல் நீதிமன்றத்துக்கே போனார்: தன்னைத் தத்தெடுக்கவே இல்லை, பாதுகாவலர் என்ற ஏற்பாட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள் என்று. அந்தக் குடும்பம் அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தது. பாதுகாவலர் ஏற்பாட்டை அந்த வருடமே நீதிமன்றம் ரத்து செய்தது. படத்தை எங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். கதைக்குச் சொந்தக்காரரே இது நான் இல்லை என்கிறபோது, அவரைக் காட்டி நான் உண்டியல் நீட்டுவது எப்படி?

படம் தேர்ந்தெடுக்கிறபோது இப்போது ஒன்று பார்க்கிறேன். நாயகனுக்கு யார் யார் கை கொடுத்தார்கள் என்பதைப் படம் ஒளிக்கிறதா, காட்டுகிறதா? போன வருடம் போட்ட ‘ஒன் லைஃப்’ காட்டுகிற வகை. நிக்கோலஸ் வின்டன், போர் வருவதற்குச் சற்று முன்பு பிராக் நகரிலிருந்து 669 குழந்தைகளை ரயிலேற்றி இங்கிலாந்துக்குத் தப்புவித்தவர். நாஜிகளுக்கு நடுவில் பிராக்கிலேயே இருந்து ஆபத்தான வேலையைச் செய்தவர்கள் டோரீன் வாரினரும் டிரெவர் சாட்விக்கும் மற்றவர்களும்தான் என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். படத்தில் அவர்களுக்கும் இடம் இருக்கிறது. கிளம்பாமல் போன ரயிலுக்கும் இருக்கிறது. 1939 செப்டம்பர் 1 அன்று ஏறத்தாழ 250 குழந்தைகளோடு புறப்பட வேண்டியது. அன்றுதான் போர் வெடித்தது. 106 வயதுவரை இருந்தார் மனிதர். காப்பாற்றிய 669 பேரைப் பற்றி ஊர் பேசியபோதெல்லாம், அவர் மனம் அந்த ரயிலிடமே போய் நின்றிருக்கிறது.

இதைப் பார்த்தால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. 26 வருட உழைப்பைப் பற்றி ஒரு படம் என்ன சொல்லிவிட முடியும்? ஆனால் நாங்கள் நாற்காலி மடக்குகிற ஒன்பது பேரில் நாலு பேர் உங்கள் கட்சி. படம் முடிந்ததும் அவர்கள்தான் அதிகம் சண்டை போடுவார்கள். ஒரு சனிக்கிழமை வந்து ஐந்தாவது ஆளாகச் சேருங்கள்.

கேள்வி: உண்மைக் கதைப் படங்களில் கடைசியில் அசல் மனிதர்களின் போட்டோவும் நாலு வரியும் வருமே, எனக்கு அதுதான் படத்திலேயே பிடித்த இடம். அதற்குள் லைட்டைப் போட்டுவிடுகிறார்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், கேள்வி என்று ஒன்றும் இல்லை.

பதில்: கேள்வி இல்லாவிட்டால் என்ன, பதில் இருக்கிறது.

அசல் ஆட்கள் படத்துக்குள்ளேயே ஒளிந்திருப்பதும் உண்டு. ‘அப்பல்லோ 13’ முடிவில் கப்பலில் கை குலுக்குகிற கேப்டன், அந்தப் பயணத்துக்குத் தலைமை தாங்கிய அசல் ஜிம் லவல்தான். அட்மிரல் உடை போட்டுக்கொள்ளச் சொன்னார்களாம், நான் ஓய்வு பெற்றது கேப்டனாகத்தான் என்று மறுத்துவிட்டார். ‘எரின் பிராக்கோவிச்’ படத்தில் உணவகத்தில் பரிமாற வருகிற பெண் அசல் எரின். நெஞ்சில் மாட்டியிருக்கிற பெயர், அவராக நடித்தவருடைய பெயர், ஜூலியா. இதையெல்லாம் சொல்லி வைத்தால், ஜனங்கள் இரண்டாம் தடவையும் வருவார்கள்.

லைட் விஷயத்தில் நான் பழைய குற்றவாளி. கேபின் வேலையில் படம் பார்க்க முடியாது. 2000 அடி ஃபிலிம் சுற்றிய ஸ்பூல் ஒன்று 20 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். திரையின் வலது மேல் மூலையில் புள்ளி வந்ததும் அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். ஆக, 31 வருடம் நான் பார்த்தது மூலையைத்தான். கடைசி ஸ்பூல் ஓடும்போது புள்ளிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, அதனால் முந்தைய ஸ்பூலைச் சுற்றிவைக்கப் போய்விடுவேன். இசை மாறுகிறது என்று காதில் பட்டதும் லைட்.

‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தை வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு வாரம் ஓட்டினேன். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்துவிட்டு, 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வாங்கிய எரிக் லிடல். படத்தில் கப்பல் ஏறும்போதுதான் ஞாயிறு என்று தெரியவரும். நிஜத்தில் மாதக்கணக்கில் முன்பே தெரியும், 400 மீட்டருக்கென்றே பயிற்சி எடுத்துக்கொண்டு போனார். இதெல்லாம் எனக்குத் தெரியும். முடிவு தெரியாது. கூடத்தில் சாரிட்டி ஷோவாகப் போட்டபோதுதான், டிஜிட்டல் மெஷினில் எனக்கு வேலை ஒன்றும் இல்லாமல், கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பையன் மத போதகராகச் சீனாவுக்குப் போய், ஜப்பானியர் பிடியில் இருந்த காலத்தில் அங்கேயே இறந்துபோனான் என்று எழுத்து வருகிறது. தடுப்பு முகாமில், 1945ல், 43 வயதில் என்று பிற்பாடு தேடித் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அந்த இரண்டு வரியோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இசை முடிந்து, பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்து, திரை கறுத்துவிட்டது. பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்: “ஆபரேட்டர், லைட்டு!”